இறுக்கி என்ற சொல்லுக்குப் பொருள்

ஜூன் 4, திங்கள்

மனைவி லீதியாளுக்கு முழங்கால் அறுவை முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறாள். அடுப்படி இப்போது அவள் தங்கை ரோதையின் கையில். ரோதை வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் சாப்பாடு சரியில்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அக்காவும் தங்கையும் ஒரு கட்சியாகிவிடுவார்கள். பணிக்காலம் முழுக்கக் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். முதலில் பார்க்க வேண்டும், பிறகு குறிக்க வேண்டும், அதற்கும் பிறகுதான் பேச வேண்டும். ஆகவே குறிக்கிறேன்.

காலையில் இட்லி. இரண்டாவது இட்லி தொண்டையில் நின்றுகொண்டது. தண்ணீர் குடித்து, தலையை இடப்பக்கம் சாய்த்த பிறகுதான் இறங்கியது. லீதியாள் அவித்த இட்லி ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. அரிசி சரியில்லையா, உளுந்து குறைவா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

நான் சாப்பிடும்போது ரோதை என்னைப் பார்க்கிறாள். தட்டைப் பார்ப்பதில்லை, கழுத்தைப் பார்க்கிறாள்.

ஜூன் 6, புதன்

பாகற்காய்ப் பொரியல். நின்றது.

ஜூன் 9, சனி

வண்ணார்பேட்டையில், அச்சகத்துக்கு மேல்மாடியில் அறிவியல் அகராதி தொகுக்கும் எங்கள் கலைச்சொல் மன்றம் கூடியது. மன்றம் என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர நாங்கள் மூன்று பேர்தான். தமிழுக்கு உலகநாதன், மருத்துவத்துக்கு டாக்டர் ஜுலைகா, விலங்கியலுக்கு நான். உலகநாதன் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர், எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் வேர் தோண்டுவார். ஜுலைகா மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு நடத்தி ஓய்வு பெற்றவர். மேலப்பாளையத்திலிருந்து தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வருவார். கெட்டிக்காரர், அதுதான் அவரிடம் தொந்தரவு.

இன்று வந்த சொல் கான்ஸ்டிரிக்டர். இரையைச் சுற்றி நெரிக்கிற பாம்புக்கும் அதுதான் பெயர், தொண்டையில் உணவை விழுங்க வைக்கிற தசைகளுக்கும் அதுதான் பெயர். ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதுமானால் தமிழுக்கும் ஒன்று போதும், ‘இறுக்கி’ என்றேன். உலகநாதனுக்குப் பிடித்திருந்தது. ஜுலைகா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணு இல்ல சார்” என்றார்.

“ரெண்டும் வளைச்சுப் பிடிக்குது டாக்டர்.”

“பாம்பு பிடிச்சா விடாது. தொண்டைத் தசை அப்படி இல்ல. மேல உள்ளது சுருங்கும், அடுத்தது சுருங்கும், அதுக்குள்ள கீழ உள்ளது தளர்ந்து வழி விட்டுரும். பிடிக்கிறது அதோட வேலையே இல்ல, தள்ளுறதுதான் வேலை.”

பிடிக்காமல் எப்படித் தள்ளும் என்று கேட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தார், தேநீர் வந்துவிட்டது. இந்தச் சொல்லுக்கான அகராதிப் பதிவை எழுதிவரும் பொறுப்பு எனக்கு. பார்க்கலாம் யார் சொல் நிற்கிறது என்று.

ஜூன் 12, செவ்வாய்

ரோதையின் கதையை ஒருமுறை எழுதி வைக்கிறேன், நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா. கணவர் சாமுவேல் காலமாகி இரண்டு வருடம். மகன் சூரத்தில் ஒற்றை அறையில் மனைவி, பிள்ளைகளோடு இருக்கிறான். அங்கே இவளுக்குப் படுக்க இடமில்லை. வாடகை வீட்டைக் காலி செய்து, ஒரு தகரப் பெட்டியோடு வந்திருக்கிறாள். லீதியாளின் கால் சரியான பிறகும் அவள் இங்கேயே இருந்துவிடட்டும் என்பது லீதியாளின் ஆசை. “அவளுக்கு வேற போக்கிடம் ஏதுங்க?” என்று நேற்றுக்கூடக் கேட்டாள். நான் தலையை ஆட்டி வைத்தேன், ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

போக்கிடம் இல்லாதவள் எனக்கு ஏன் கெடுதல் செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி எழும். எழட்டும். நான் காரணம் தேடவில்லை, நடப்பதைத்தான் பார்க்கிறேன்.

ஜூன் 14, வியாழன்

இன்று கையும் களவுமாகப் பார்த்தேன். செய்தித்தாள் எடுக்கப் போகிறவன் போல அடுப்படி வாசலைக் கடந்தேன். குக்கரில் சோறு. அதில் ஒரு பங்கைத் தனியே சிறிய பாத்திரத்தில் எடுத்தாள். அந்தப் பாத்திரத்தில் எதையோ ஊற்றிக் கிண்டினாள். பிறகு மிக்ஸி ஒரு சுற்று. அவர்கள் இருவருக்கும் குக்கரிலிருந்து, எனக்கு மட்டும் அந்தச் சிறிய பாத்திரத்திலிருந்து.

சாப்பிட உட்கார்ந்ததும், “எனக்கு குக்கர் சோத்துலருந்து வை” என்றேன்.

ரோதையின் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவைப் பார்த்தாள். லீதியாள், “அத்தான் கேக்குததை வையேன்ட்டி” என்றாள். வைத்தாள். அதுவும் தொண்டையில் நின்றது, உண்மையைச் சொன்னால் இன்னும் மோசமாக நின்றது. ஆனால் அதே கரண்டி. ஒரே கரண்டியை இரண்டு பாத்திரத்திலும் போட்டால் சோதனை எப்படிச் செல்லும்?

ஜூன் 15, வெள்ளி

காலையில் எழுந்தபோது தலையணை உறையில் மூன்று சோற்றுப் பருக்கை. முழுசாக, மெல்லாதவை போல. எச்சில் தட்டு துடைத்த துணியோடு சேர்த்து என் உறையைத் துவைக்கிறாள் என்று தெரிகிறது. என்ன மனுஷி.

ஜூன் 17, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து பஸ் நிலையத்தருகே ஓட்டலில் இரண்டு தோசை சாப்பிட்டேன், வீட்டுச் சாப்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க. அங்கேயும் நின்றது. இருமலில் மேசை முழுக்கச் சட்னி தெறித்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். ஓட்டல் மாவில் சோடா உப்பு அதிகம். மேலும் காலையில் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன், அதன் தாக்கம் இருந்திருக்கும். ஆக, இந்த ஒப்பீடு செல்லாது.

கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் ஒரு புது ஓட்டை போட்டேன். சலவைக்காரன் துணியை இழுத்து இழுத்துத் தளர்த்திவிட்டான்.

ஜூன் 20, புதன்

அகராதி வேலையில் மனது வைத்தேன். முதல் பொருளை எழுதி முடித்தேன். ஊரில் எல்லாரும் மலைப்பாம்பு எலும்பை நொறுக்கிக் கொல்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். அது தவறு. இரை மூச்சை வெளியே விடும்போதெல்லாம் பிடியைச் சற்று இறுக்கும். மறுபடி மூச்சு உள்ளே வர இடமிருக்காது. ரத்தமும் ஓடாமல் நின்றுவிடும். எலும்பெல்லாம் அப்படியே இருக்கும். மணிமுத்தாறு பக்கம் மாணவர்களோடு முகாம் போனபோது ஓர் ஆட்டுக்குட்டியை அது பிடித்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவசரமே கிடையாது. குட்டி ஓய்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம், கொஞ்சம்.

இரண்டாவது பொருளுக்குப் புத்தகம் பார்க்க மனமில்லை. புத்தகத்தை ஜுலைகா மனப்பாடமாக வைத்திருக்கிறார். நான் உயிருள்ள தொண்டையைப் பார்த்து எழுதப் போகிறேன். கண்ணாடி முன் நின்று, கழுத்தில் விரல் வைத்து, ஒரு ரஸ்க்கைத் தின்று பார்த்தேன். எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! கவளம் இறங்குகிறது. குரல்வளைக்குக் கீழே, இடப்பக்கம், தசை அதை வளைத்துப் பிடிக்கிறது. நிறுத்துகிறது. தண்ணீர் உள்ளே போனால் முனகிக்கொண்டு விடுகிறது. முனகல் என்று உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கழுத்தில் களக் களக்கென்று சத்தம் கேட்கிறது. பாம்பேதான். பிடிப்பது அதன் வேலையே இல்லையாம்!

ஜூன் 23, சனி

மன்றம். இரண்டாவது பொருள் இன்னும் முடியவில்லை என்று சொல்லி வைத்தேன். தேநீர் குடிக்கும்போது புரையேறியது, கொஞ்சம் அதிகமாகவே. ஜுலைகா டம்ளரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

“எவ்வளவு நாளா சார் இப்படி?”

“எப்படி?”

“இருமல். உடம்பும் ரொம்ப வத்திப் போயிருக்கே.”

சொல்லில் தோற்றுப்போகிறவர்கள் ஆளின் உடம்பைப் பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா. கல்லூரி அரசியலில் இதைவிடப் பெரிய ஆட்களைப் பார்த்தவன் நான். “நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர், நாம சொல்லைப் பாப்போம்” என்றேன். அவர் கூட்டம் முடியும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரோதை பார்க்கிற அதே பார்வை. இந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் என் கழுத்தில் என்ன இருக்கிறது?

ஜூன் 26, செவ்வாய்

மதியம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், தூங்கவில்லை. கூடத்தில் இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள்.

ரோதை: “இனியும் சொல்லாம இருந்தா தப்புக்கா.”

லீதியாள்: “வேண்டாம்ட்டி. கண்ணாடி மாத்தணும்னு சொன்னதுக்கே ஒரு வாரம் என்கிட்ட பேசல. எங்க பையன் ஊருக்கு வரட்டும், அவன் சொல்லட்டும்.”

எதைச் சொல்ல வேண்டும்? எதை மறைக்கிறார்கள்? லீதியாளுமா? நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள்! போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தேன்.

ஜூன் 28, வியாழன்

இன்று காலை ஒரு சிறு சோதனை நடத்தினேன். ஒன்றும் அகப்படவில்லை. லீதியாள் அழுதாள். முழங்கால் வலியாக இருக்கும்.

ஜூன் 29, வெள்ளி

வெளிப்படையாகவே கேட்டுவிட்டேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தேன்.

“என் சோத்துல என்ன கலக்குத?”

“வெந்நி அத்தான்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல. கொஞ்சம் ரசம்.”

“எனக்கு மட்டும் ஏன் தனியா? நான் என்ன பச்சப் பிள்ளையா? யாரு சொல்லிச் செய்யுத?”

அவள் வாயைத் திறந்தாள். கூடத்திலிருந்து லீதியாள், “ரோதை!” என்று கூப்பிட்டாள். உடனே மூடிக்கொண்டாள். சும்மா விடுவேனா? இந்த வீட்டில் ஒன்று நான் சாப்பிட வேண்டும், அல்லது அவள் சமைக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து நடக்காது என்று கூடத்தில் நின்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். லீதியாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை.

ரோதை மிக்ஸி ஜாரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, “நான் போறேங்க்கா. நீ ஒண்ணும் சொல்லாத” என்றாள்.

ஜூலை 1, ஞாயிறு

ரோதை போய்விட்டாள். நாசரேத் பக்கம் ஒரு பிள்ளைகள் விடுதியில் சமையலுக்கு ஆள் தேடினார்களாம். நம் சபையில் யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தாள். ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

நிம்மதி. இனி சாப்பிடலாம்.

ஜூலை 3, செவ்வாய்

லீதியாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து சமைக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் வரும்.

சோறு நின்றது. இட்லியும் நின்றது. நேற்றைவிட அதிகம். ரோதை கைபட்ட பாத்திரங்கள் காரணமாக இருக்கலாம் என்று அந்தச் சிறிய பாத்திரத்தையும் மிக்ஸி ஜாரையும் பழைய சாமான்காரனிடம் போட்டேன். லீதியாள் பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. “இனி எதுல அரைக்க?” என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 5, வியாழன்

பால் மட்டும். மாலையில் ஒரு வாழைப்பழம், பாதி.

ஜூலை 7, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மன்றத்தில் என் பதிவை வாசித்தேன். “இறுக்கி. பெயர்ச்சொல். ஒன்று: இரையைச் சுற்றி வளைத்து, அது மூச்சு விடுந்தோறும் பிடியை இறுக்கி, உயிர் அடங்கும்வரை விடாத பாம்பு. இரண்டு: விழுங்கிய கவளத்தைத் தொண்டையில் வளைத்துப் பிடித்து, சற்று நேரம் நிறுத்திவைத்து, தண்ணீர் குடித்தால் தளர்ந்து கீழே விடும் தசை.”

முதல் பொருளுக்கு உலகநாதன் கைதட்டாத குறை. இரண்டாவதில் தயங்கினார். “தண்ணீர் குடித்தால் என்று எதற்கு ஐயா? சாப்பாட்டு இலை முன் எல்லா வாய்க்குமா தண்ணீர் குடிக்கிறோம்?”

“பின்ன?” என்றேன்.

“இது எந்தப் புத்தகத்துல இருக்கு சார்?” என்று ஜுலைகா கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

“புத்தகம் எதுக்கு டாக்டர்? ஆளாளுக்கு ஒரு தொண்டை இருக்குல்ல? இப்பவே பாத்திருவோம்.”

தேநீரோடு வந்த பிஸ்கட் தட்டை நடுவில் இழுத்து வைத்தேன். ஆளுக்கு ஒன்று எடுங்கள், கழுத்தில் விரலை வையுங்கள், மென்று விழுங்குங்கள், எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நின்று சொல்வது போலவே சொன்னேன். மூன்று பேரும் தின்றோம். அச்சகத்து இயந்திரம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. உலகநாதன் குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கியது. அவ்வளவுதான். அவர் விரலை எடுத்துவிட்டு இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார், சோதனைக்காக அல்ல, பசிக்கு. ஜுலைகா எப்போதோ விழுங்கி முடித்திருந்தார்.

எனக்கு நின்றது, எப்போதும் நிற்கிற இடத்தில்.

“எங்கய்யா நிக்கணும்? எனக்கு ஒண்ணும் நிக்கலையே” என்றார் உலகநாதன்.

“இங்க” என்று காட்டினேன். ஜுலைகா எழுந்து என் பக்கம் வந்தார். “தொடலாமா சார்?” என்று கேட்டுவிட்டு, கழுத்தின் இடப்பக்கம் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினார். களக்கென்று சத்தம் வந்தது, உலகநாதனுக்கே கேட்டிருக்கும். பிஸ்கட் அப்படியே வாய்க்குத் திரும்பி வந்தது. அதோடு காலையில் குடித்த பாலின் ஆடையும், முந்தாநாள் தின்ற வாழைப்பழத் துணுக்கும். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“சார், இது எங்க ரெண்டு பேருக்கும் வரல” என்றார் ஜுலைகா.

“ரெண்டு பேரை வச்சு முடிவு சொல்லக்கூடாது டாக்டர்” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. உலகநாதன் பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

வீட்டுக்கு உடனே போகவில்லை. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, தின்கிறவர்களைப் பார்த்தேன். ஒரு கண்டக்டர் நின்றபடியே இரண்டு வடையைத் தின்றார். தண்ணீர் குடிக்கவில்லை. ஓர் அம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளைத் திட்டினார். கல்லூரிப் பையன்கள் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுச் சிரித்தார்கள். ஒருவரும் தலையைச் சாய்க்கவில்லை. ஒருவரும் காத்திருக்கவில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் சாப்பிடுகிறது. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் சாப்பிட்டிருப்பேன், எப்போது நின்றது என்று நினைவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 8, ஞாயிறு

லீதியாளிடம் கேட்டேன். ரோதை என் தொண்டைக் கோளாறை எப்போது கண்டுபிடித்தாள் என்று.

“வந்த மூணா நாளே” என்றாள். “‘அத்தானுக்கு உள்ள எறங்கலக்கா, கழுத்துல என்னமோ சத்தம் வருது’ன்னா. நாந்தான் உங்ககிட்ட சொல்லாதன்னேன். ஆஸ்பத்திரின்னா நீங்க குதிப்பிய. அதுவரைக்கும் கொழைச்சு, தண்ணியா வைப்போம்னு அவதான் சொன்னா.”

“நான் அவளைக் கேக்கும்போது நீ ஏன் சொல்லல?”

“நீங்க கேட்ட கேள்விக்கு யாரு என்ன சொல்ல?”

ரோதை வருவதற்கு முன்பே இது இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். ஈஸ்டர் பிரியாணியை நான் பாதியில் வைத்துவிட்டேன். அப்போது லீதியாள்தான் சமைத்தாள்.

ஜூலை 11, புதன்

ஜுலைகா தானே பேசி ஏற்பாடு செய்திருந்தார். ஆஸ்பத்திரியில் சுண்ணாம்பு போல ஒரு திரவத்தைக் குடிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். திரையை என் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். வெள்ளையாக இறங்கி வந்தது. மேலே உள்ள தசைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கித் தள்ளின. எவ்வளவு ஒழுங்கு! கடைசித் தசை மட்டும் திறக்கவில்லை. வழி கிடைக்காத வெள்ளை, பக்கவாட்டில் பை போலப் பிதுங்கிய இடத்தில் போய்த் தேங்கியது.

தின்பதெல்லாம் கொஞ்சம் அந்தப் பையில் தங்கும், படுத்தால் வெளியே வரும் என்றார் அங்கிருந்த டாக்டர். தலையணைப் பருக்கை என் வாயிலிருந்துதான் வந்திருக்கிறது.

புற்று இல்லை. அந்தத் தசையை வெட்டி விட்டால் வழி கிடைக்கும் என்கிறார்கள். வரும் 23 அன்று அறுவை. லீதியாள் அங்கேயே, எல்லார் முன்னாலும், கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். வழக்கமாக எனக்குக் கூச்சமாக இருக்கும். இன்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூலை 14, சனி

மன்றத்துக்குப் போனேன். பாம்புக்கு ‘இறுக்கி’. தசைக்கு ஜுலைகா சொன்ன ‘சுருக்குத்தசை’. பொருளை நானே மாற்றி எழுதினேன்: “அடுத்தடுத்துச் சுருங்கி, கவளத்தைக் கீழே தள்ளும் தொண்டைத் தசை.” என் தொண்டையை வைத்துத் தமிழர்கள் எல்லாருக்கும் பொருள் எழுதப் பார்த்திருக்கிறேன். உலகநாதன், “நல்லவேளை அச்சுக்குப் போகலை ஐயா” என்று கிண்டல் செய்தார். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

ஜூலை 18, புதன்

நாசரேத்துக்குப் போனேன். லீதியாள், “நீங்களே போங்க, நான் போன்ல பேசி வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

விடுதி ஊருக்கு வெளியே இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். சமையற்கூடத்து வாசலில் ரோதை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“வாங்க அத்தான். அக்காவுக்கு காலு எப்படி இருக்கு?”

சொன்னேன். படம் எடுத்ததை, தசையை, பையை, அறுவையை எல்லாம் சொன்னேன். வகுப்பு எடுப்பது போல இருந்தது. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, “தப்பு என்மேலதான் ரோதை. நான் உன்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது” என்றேன். வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதாக நினைவில்லை.

அவள் வெங்காயத்தை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.

“சந்தேகப்பட்டது கூட பரவால்ல அத்தான். சீக்காளிக்கு எல்லாம் தோணும். சாப்பாட்டுல குத்தம் சொன்னதும் பரவால்ல. ஆனா என் பெட்டியத் தரையில கொட்டினியல்லா, அக்கா முன்னாடி. ஒவ்வொண்ணா எடுத்து ஒதறுனிய. அதுக்குள்ள அவிய சட்டை ஒண்ணு இருந்துது. தொவைக்காம வச்சிருந்தேன். அவிய வாசம் போயிரக் கூடாதுன்னு. அத எடுத்து மோந்து பாத்திய. மருந்து வாடை வருதான்னு.”

ஜூன் இருபத்தெட்டாம் தேதிக் குறிப்பில் சோதனை என்று ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

“வீட்டுக்கு வா ரோதை. அக்கா காத்துக்கிட்டு இருக்கா.”

“வரமாட்டேன் அத்தான்” என்றாள். கோபமே இல்லை, ஒரு சாமான் கடையில் இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். “இங்க எல்லாப் பிள்ளையளும் நான் வச்சதச் சாப்பிடுது. ஒண்ணு கூட மோந்து பாக்கல.”

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவள் சொன்னதே முடிவாகிவிடும் என்று தோன்றியது. அவள்தான் எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, “ஆபரேசன் முடிஞ்சு கஞ்சி குடுக்கச் சொன்னா, அக்காட்ட நல்லா ஆத்தி, துணியில வடிகட்டிக் குடுக்கச் சொல்லுங்க. சூடா வேண்டாம்” என்றாள். பிறகு, “பஸ்ஸு வார நேரம் அத்தான். இத விட்டா ராத்திரிதான்” என்று உள்ளே போய்விட்டாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாளையங்கோட்டை வரும்வரை அழுதேன்.